காவலர் எண் பதினேழு

எல்சியின் முகம் சதுர அடி பன்னிரண்டு ரூபாய்க்குப் போனது. ஃப்ளெக்ஸ் கடை வீரையன் பதினைந்தில் ஆரம்பித்தான், அவளுடைய அப்பா குழந்தைராஜ் பத்தில் நின்றார், ஆளுக்கொரு டீ உள்ளே போனதும் பன்னிரண்டில் படிந்தது. பெற்ற மகளின் முகத்துக்குமா பேரம் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்துத் தலை நரைத்த மனுஷனுக்கு, சொன்ன விலைக்கு வாங்குவதுதான் அசிங்கம்.

இந்தப் பக்கத்தில் பிறந்தவன் மூன்று தடவையாவது ஃப்ளெக்ஸில் ஏறாமல் போகமாட்டான். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. குழந்தைராஜைப் போன்ற வேதக்காரர் வீடென்றால் காதுகுத்துக்குப் பதில் பிள்ளைகள் கோயிலில் புதுநன்மை வாங்கும் நாள். கடைசி ஃப்ளெக்ஸை மட்டும் சம்பந்தப்பட்டவர் பார்ப்பதில்லை என்பதால், உயிரோடிருக்கும்போதே இன்னொன்று போட்டுக்கொள்ள எல்லோரும் சாக்குத் தேடுவார்கள். குழந்தைராஜுக்குச் சாக்கு தானாகவே வந்தது. மகளுக்குப் பதவி உயர்வு.

எல்சி போலீஸ். ஆனால் அவள் ரோந்து போகும் ஊர் தாலுகா வரைபடத்தில் இல்லை. நிலாச்சோலை என்று அதற்குப் பெயர். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று கட்டியது. கண்ணுக்கு மேல் ஹெட்செட்டை மாட்டினால் ஊர், கழற்றினால் சுவர். ஷார்ஜா கேம்ப்பில் சிமெண்ட் கலக்கும் பையன், மலேசியாவில் கோப்பை கழுவும் பையன், அண்ணன் அனுப்பிய ஹெட்செட்டைப் படிப்புக்கு என்று சொல்லி வாங்கிவைத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பெண் என்று ஆளாளுக்கு ஓர் உடம்பை மாட்டிக்கொண்டு அங்கே வருவார்கள். டீக்கடை உண்டு, பஸ் ஸ்டாண்டு உண்டு, தேர்த் திருவிழா உண்டு. ஊர் என்று இருந்தால் திருடன் வராமல் இருப்பானா? கடை வைத்தவனின் சரக்கை அமுக்குகிறவன், கூட்டத்தில் உரசுகிறவன், பின்னாலேயே வருகிறவன் எல்லோரும் வந்தார்கள். அதனால் காவலர்களும் வந்தார்கள். எல்சி தஞ்சாவூர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வீட்டு மாடி அறையிலிருந்தே காவல் பார்த்தாள். உள்ளே காவலருக்கு முகம் கிடையாது. வழவழவென்று ஒரு தலைக்கவசம், நெஞ்சில் ஓர் எண். அவள் எண் பதினேழு.

"எங்க பேரு, ஊரு எதுவும் வெளிய தெரியக் கூடாதுப்பா" என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். குழந்தைராஜ் காதில் விழாமல் இல்லை. ஆனால் முப்பது வருஷமாக 'வேண்டாங்க' என்று சொல்லிவிட்டு நடையில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்கிற வாடிக்கையாளர்களைக் கண்டவர் அவர். 'கூடாது' என்பது பேச்சின் முதல் வரி, முடிவல்ல என்பது அவர் அனுபவம்.

அவள் பயிற்சிக்காகத் தஞ்சாவூருக்குப் போயிருந்த வாரம் பஸ் ஸ்டாண்டு முக்கில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. பத்துக்குப் பன்னிரண்டு. நடுவில் எல்சி, புதுப் புடவையில், ஸ்டூடியோக்காரன் துடைத்து எடுத்த பளிங்கு முகத்தோடு. 'நிலாச்சோலை மாநகரக் காவலர் எண் 17, தலைமைக் காவலராகப் பதவி உயர்வு பெறும் எங்கள் வீட்டுச் சிங்கமே, வருக!' கீழே கடையின் பெயர், தெரு, போன் நம்பர். மேலே மூலையில் வேளாங்கண்ணி மாதா, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல்.

திரும்பி வந்த எல்சி பஸ்ஸிலிருந்து இறங்கினதும் தன்னையே அண்ணாந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்து அவள் சத்தம் போடவில்லை. "கழட்டச் சொல்லுங்கப்பா" என்றாள், அவ்வளவுதான். அதற்குள் அது வாட்ஸாப்பில் ஏறிக் கடல் தாண்டியிருந்தது. மறுநாள் கழற்றப் போன இடத்திலும் ஃப்ளெக்ஸ் இல்லை. அறுவடைக் காலம், மழை வேறு மூட்டம் போட்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்துக் கிடந்த ஒருவருக்கு வீரையன் அதை மூடுதுணியாகக் கொடுத்துவிட்டான். குழந்தைராஜ் போய்ப் பார்த்தபோது, நெல் அம்பாரத்தின் மேல் மகள் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் அழைப்பு ஒரு திங்கட்கிழமை முற்பகலில் கடைக்கு வந்தது. நம்பர் விழாத அழைப்பு.

"வணக்கம் முதலாளி. பத்து லிட்டர் குக்கர் என்ன விலைங்க?"

குழந்தைராஜ் விலை சொன்னார். கூடவே, "வாங்க தம்பி, பாத்துக் குறைச்சுப் போடலாம்" என்றார்.

"குறைக்க வேண்டாம் முதலாளி. விலை சரியாத்தான் இருக்கு." குரல் சாந்தமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து பாவங்களைக் கேட்கும் சாமியார் பேசுவதுபோல. "உங்க பொண்ணு நல்லா இருக்காங்களா? பதினேழு?"

குழந்தைராஜுக்குப் பெருமையில் ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. "நல்லாருக்கு தம்பி. நீங்க?"

"என்னை நிலாச்சோலையிலேர்ந்து வெளிய தள்ளிப் பூட்டினது அவங்கதான். போன மாசம். அங்க எனக்குப் பேரு ராஜாளி. பூட்டு என் கண்ணைப் பாத்துப் போட்டது, வேற பேர்லயும் போக முடியல. அவங்க போட்ட பூட்டை அவங்களே தொறக்கலாமாம், விசாரிச்சேன். தொறக்கச் சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழமை இங்க கேம்ப்புல எனக்கு லீவு, அன்னிக்கு உள்ள போகணும்."

குழந்தைராஜ் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார். "தம்பி, உள்ள கடை கிடை வச்சிருந்தீங்களா? நஷ்டம் எவ்வளவுன்னு சொல்லுங்க. பேசிக்கலாம். நம்ம ஆளுங்க நமக்குள்ள…"

"நஷ்டமெல்லாம் இல்லீங்க."

"அப்ப வேற என்னதான் வேணும் உங்களுக்கு?"

"உள்ள போகணும்."

"அது சின்னப் பொண்ணுங்க தம்பி, சம்பளத்துக்கு வேலை பாக்குது…"

"தெரியும் முதலாளி. வெள்ளை ஸ்கூட்டர். ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசைக்கு அம்மாவோட வருவாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, எறங்கறதுக்கு நேரமாகும்." இணைப்பு அறுந்தது.

குழந்தைராஜ் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கத்துகிறவனை அவருக்குத் தெரியும். கத்துகிறவன் கடைசியில் வாங்குவான். அழுகிறவனையும் தெரியும். இவன் எந்த விலைக்கும் குறைக்கச் சொல்லாத ஆள். பேரம் பேசாதவனிடம் வியாபாரிக்குப் பிடிமானமே கிடையாது.

மறுநாள் கடைப் போனுக்கு ஒரு படம் வந்தது. மாதா கோயில் வாசலில் வெள்ளை ஸ்கூட்டர். அன்று மாலையே இன்னொன்று. அவர் வீட்டு கேட், உள்ளேயிருந்து யாரோ கைநீட்டித் தாழ் போடுகிற சமயம். கை அவர் மனைவி சகாயம்மாளுடையது. ஆள் கடல் தாண்டி இருக்கிறான், சரி. படம் எடுத்தவன்? அவன் இந்தத் தெருவில் நடந்திருக்கிறான். ஒருவேளை கடைக்குள் வந்து டம்ளரைச் சுண்டிப் பார்த்துவிட்டும் போயிருப்பான்.

அன்றிலிருந்து குழந்தைராஜுக்கு வாடிக்கையாளர் முகம் பிடிக்காமல் போயிற்று. இட்லிக் குண்டான் கேட்டு வந்தவனிடம், "எந்த ஊரு? யாரு வீடு? எதுக்குக் குண்டான்?" என்று கேட்டார். "இட்லி அவிக்கத்தாங்க" என்றான் அவன். அந்தப் பதிலும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. விஷயத்தை மகளிடம் சொல்லாமல் தொண்டையிலேயே வைத்திருந்தார். சொன்னால் ஃப்ளெக்ஸ் பற்றிய பேச்சு வரும்.

சொல்ல வேண்டிய அவசியம் புதன்கிழமை மதியம் தானாகவே தீர்ந்தது. அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது மாடியிலிருந்து எல்சி அலறினாள். பகல் வெளிச்சத்தில், இரண்டு தெரு தள்ளிக் கேட்கிற மாதிரி. சகாயம்மாள் முட்டி வலியை மறந்து, கையில் கிடைத்த விளக்குமாற்றோடு ஏறினாள்.

"பாம்பா? எங்கடி?"

எல்சி ஹெட்செட்டை மடியில் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பாம்பு இல்லம்மா. நான்."

"என்னது?"

"பஸ் ஸ்டாண்டுல ட்யூட்டில நிக்கிறேன். எதிர்ல நானே வர்றேன்ம்மா. என் மூஞ்சி. அந்த ஃப்ளெக்ஸ்ல இருக்கற அதே பொட்டு, அதே சிரிப்பு. உடம்பு மட்டும்…" அவள் முடிக்கவில்லை. "துணி இல்லாம. டீக்கடை வாசல்ல போய் நிக்கிது. போற வர்றவனை எல்லாம் பேரு சொல்லிக் கூப்பிடுது. கிட்ட வந்து என் கவசத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு, 'என்னக்கா, என்னை அரஸ்ட் பண்ண மாட்டியா?'ங்கிது."

"அரஸ்ட் பண்ணுனியா?" என்று கேட்டார் குழந்தைராஜ், படியிலேயே நின்றபடி.

"பண்ணுனேன். என்னை நானே கையைப் பிடிச்சு இழுத்து வெளிய தள்ளிப் பூட்டுனேன். அது சிரிச்சுக்கிட்டே போவுது. நாளைக்கு வேற எவனாவது மாட்டிக்கிட்டு வருவான். படம்தான் ஊரெல்லாம் சுத்துதே."

பிசைந்த சோற்றோடு இருந்த வலது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் குழந்தைராஜ் நின்றார். பிறகு, போன், குக்கர், ஸ்கூட்டர், கேட் எல்லாவற்றையும் சொன்னார்.

அன்றே மூவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எஸ்.ஐ. அனுசுயா புகாரை முழுதாகக் கேட்டார். வயதில் எல்சிக்கு ஓர் அக்கா மாதிரி இருந்தார். எழுத ஆரம்பித்ததும் பேனா முதல் வரியிலேயே நின்றது.

"சம்பவம் நடந்த இடம்?"

"நிலாச்சோலை பஸ் ஸ்டாண்டு மேடம்."

"அது எந்த லிமிட்ல வருது?"

அனுசுயா சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க பயந்தது எங்க? அந்த நேரம் உடம்பு எங்க இருந்துச்சு?"

"எங்க வீட்டு மாடில."

"அப்ப அதுதான் சம்பவ இடம். பயம் நடந்த எடம் நம்ம லிமிட்தான், எழுதிடலாம். தஞ்சாவூர் சைபர் செல்லுக்கு இன்னிக்கே அனுப்புறேன். கம்பெனிக்கும் எழுதிக் கேப்பாங்க. ஆனா வெளிநாட்டு ஆளு, பொய் பேரு. நாளாகும், இப்பவே சொல்லிடறேன்." பேனா மீண்டும் நின்றது. "இவ்வளவு தெளிவான படம் அவனுக்கு எப்படிக் கிடைச்சுது?"

எல்சி மேசையைப் பார்த்தாள். சகாயம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து மேடம்" என்றார் குழந்தைராஜ். "இந்த ஊரு பஸ் ஸ்டாண்டு. பத்துக்குப் பன்னெண்டு."

வியாழன் முழுவதும் எதுவும் வரவில்லை. அழைப்பு வந்ததைவிட வராதது மோசமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்கும் நேரம் தாண்டியும் குழந்தைராஜ் வீட்டிலேயே இருந்தார். நாற்காலியை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"தொறந்து விட்டுடும்மா."

"முடியாதுப்பா."

"அவன் உள்ள போயி என்ன பண்ணிடப் போறான்? அது நிஜ ஊரா? தொட்டா வலிக்குமா? வெட்டினா ரத்தம் வருமா? பொம்மைக்குள்ள பொம்மை. இங்க உங்க அம்மா கேட்டுக்குப் போகவே நடுங்கறா. எனக்கு நீ வேணும். வேலையே போனாலும் போவட்டும்."

"அவன் எதுக்காகப் பூட்டப்பட்டான்னு கேக்கவே இல்லியேப்பா நீங்க."

"எதுக்கா இருந்தா என்ன?"

எல்சி ஹெட்செட்டை எடுத்துத் துடைத்தாள். "சரி. நீங்களே தொறங்க. என் பேர்லதான் நடக்கும், பரவால்ல. எங்க வேலைல ஒரு ஏற்பாடு இருக்கு. பூட்டைத் தொறக்கணும்னா, புகார் குடுத்தவங்களுக்கு நடந்ததை முதல்லேர்ந்து முடிவு வரைக்கும் அவங்க எடத்துல நின்னு பாக்கணும். பாத்து முடிச்சாத்தான் பச்சை பட்டன் எரியும். நடுவுல கழட்டினா மறுபடி முதல்லேர்ந்து ஓடும். எரிஞ்சதும் அமுக்குங்க. நான் தடுக்க மாட்டேன்."

"போடு" என்றார் குழந்தைராஜ், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு.

இருட்டு விலகியதும் அவர் குனிந்து பார்த்தார். வேட்டி இல்லை. நீலச் சுடிதார். மெலிந்த மணிக்கட்டில் கண்ணாடி வளையல். அந்தக் கையை அசைக்கப் பார்த்தார். அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. நடந்து முடிந்த நாளில் எப்படி அசைந்ததோ அப்படித்தான் இப்போதும் அசைந்தது. சுற்றிலும் கடைத்தெரு, ராட்டினம், திருவிழா விளக்கு. அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் யாரையோ கூப்பிட்டுச் சிரித்தது. பதினைந்து வயது இருக்கலாம்.

பின்னாலிருந்து அந்தச் சாந்தமான குரல் கேட்டது.

"மன்னார்குடி பஸ்ஸு. டிரைவர் பக்கம் ரெண்டாவது சீட்டு. சன்னலோரம்."

திரும்பினார். ஒன்றரை ஆள் உயரத்தில் ஓர் உருவம், பருந்துத் தலையோடு. நடந்தார், அது கூட வந்தது. வளைந்தார், அது முன்னால் நின்றது. ஓட வேண்டும் என்று அவர் கால் துடித்தது, ஆனால் அந்தப் பெண் அன்றைக்கு ஓடவில்லை, நின்றுவிட்டாள். அதனால் அவரும் நின்றார்.

"அண்ணா, நான் வீட்டுக்குப் போறேண்ணா."

"போயேன். நேத்து பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு பக்கம் ரிப்பன் அவுந்துருந்துச்சு. கட்டிக்கலியே? உங்க வீட்டுக்கு முன்னாடி லாரி ஒண்ணு நிக்கிதே, பஞ்சர் ஆயி. உங்க அப்பாதா?"

"அண்ணா, ப்ளீஸ்ண்ணா."

"இதைக் கழட்டினா நான் போயிடுவேன்னு நினைக்கிறியா பாப்பா? நீ தூங்குற எடம் சன்னல் பக்கம்தானே?"

பருந்து குனிந்து முகத்தருகே வந்தது. மூச்சு இல்லை, வாடை இல்லை, தொடவும் இல்லை. ஆனாலும் குழந்தைராஜ் கை ஹெட்செட்டின் பட்டையைத் தேடிப் பறந்தது.

"கழட்டினா முதல்லேர்ந்துப்பா" என்று வெகுதூரத்திலிருந்து எல்சி சொன்னாள்.

அவர் கையை இறக்கிக்கொண்டார். மீதியையும் பார்த்தார். அதில் அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது, வீட்டில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவர்களுடைய சத்தம். கடைசியில் வழவழத்த கவசம் ஒன்று குறுக்கே வந்து விழுந்தது. நெஞ்சில் பதினேழு.

பச்சை பட்டன் எரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில், நெல்லிக்காய் அளவில்.

குழந்தைராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சகாயம்மாள் கேட்டில் தாழ் போடும் கை நினைவுக்கு வந்தது. விரலை நீட்டினார். இப்போது விரல் அவர் பேச்சைக் கேட்டது. ஆனால் நீட்டிய கையில் இன்னும் அந்த வளையல் கிடந்தது.

ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அந்தப் புள்ள யாரு பெத்தது?"

"தெரியாதுப்பா. எங்களுக்கும் நம்பர்தான்."

"அவ அப்பனுக்குத் தெரியுமா?"

"சொல்லலைன்னு புகார்ல எழுதியிருந்தா. சொன்னா பள்ளிக்கூடத்தை நிறுத்திடுவாங்கன்னு பயம். தினம் அதே பஸ்லதான் போவா."

கீழே, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கடைப் போன் அடித்தது. சகாயம்மாள் எடுக்கவில்லை, எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவரே இறங்கிப் போய் எடுத்தார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எல்சி படியில் நின்றாள், எஸ்.ஐ. சொல்லியிருந்தபடி தன் போனில் பதிவு செய்துகொண்டு.

"முதலாளி, வெள்ளிக்கிழமை வந்துடுச்சு."

"வந்துடுச்சு தம்பி."

"தொறந்தாச்சா?"

வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாத வார்த்தை ஒன்று குழந்தைராஜ் வாயில் வந்தது. "அது விக்கிறதுக்கு இல்ல."

"புரியல முதலாளி."

"தொறக்க மாட்டோம். எம்பொண்ணு போட்ட பூட்டு போட்டபடி இருக்கும். நீ என்ன வேணாலும் பண்ணிக்க." இதைச் சொல்லும்போது குரல் உடைந்து கீச்சென்று வந்தது, சிங்கம் போலெல்லாம் இல்லை.

அந்தப் பக்கம் கோபமே இல்லை. யாரோ கேம்ப்பில் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. "சரி முதலாளி. பரவால்ல. மார்ச்சுல எனக்கு ஊருக்கு வர லீவு. குக்கர் வாங்க வர்றேன்."

அவன் வைத்துவிட்டான். குழந்தைராஜ் வைக்கவில்லை, போனைக் காதில் வைத்தபடியே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்சி வந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"பயமா இருக்காப்பா?"

"ஆமா. உனக்கு?"

"ஆமா."

சகாயம்மாள் இருவருக்கும் சோறு போட்டாள். மூவரும் கேட்டுக்கு முதுகைக் காட்டாமல் ஒரே பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழந்தைராஜ், கடை மூடும் நேரத்தில் செய்வதுபோல, மனசுக்குள் ஒரு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தார். வரவு: பெயர் தெரியாத ஒரு பெண் மன்னார்குடி பஸ்ஸில் போகிறாள், பூட்டு பூட்டினபடி இருக்கிறது, ஸ்டேஷனில் புகார் எண் ஒன்று, பதிவில் ஒரு குரல். செலவு: மூன்று பேர் தூக்கம், இந்தத் தெருவில் வருகிற எவனையும் நம்புகிற பழக்கம். கையிருப்பு: பிப்ரவரியில் மிச்சமுள்ள நாட்கள். பாக்கி: மார்ச்.